ஐம்பத்தெட்டும் தொண்ணூற்றொன்றும்

கேம்பிரிட்ஜ்
1897 ஜனவரி 14

கெசியாவுக்கு,

இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமலே அடுப்பில் போட உனக்குக் கை துறுதுறுத்திருக்கும். போடாமல் படித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து கடைசிவரை படி. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன் கைகள் வேண்டும்.

ஐந்து வருடமாக நான் முடிச்சுகளை வரைந்து பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். பத்து இடங்களில் தன்னைத்தானே தாண்டிச் செல்லும் கயிற்றில் எத்தனை வகை முடிச்சு இருக்க முடியும் என்பதுதான் கேள்வி. நூற்று அறுபத்தைந்து என்பது என் விடை. லண்டனில் உள்ள கணித சங்கம் அதை அச்சிட ஒப்புக்கொண்டிருக்கிறது. ஜூன் மாதம் அவர்களுடைய ஆண்டுக் காட்சியில் எனக்கு ஒரு மேசையும் உண்டு. படம் மட்டும் போதாதாம், கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கும்படி கயிற்றிலேயே செய்து வை என்கிறார்கள். சமையலறை நூலில் நானே ஆறு செய்து பார்த்தேன். பூனை விளையாடிவிட்டுப் போட்டது போல் இருக்கிறது.

மெழுகு தேய்த்த நல்ல நூலில் நூற்று அறுபத்தைந்தையும் நீ செய்து தருவாயா? ஒன்று முக்கியம். என் முடிச்சுகளுக்கு முனை கிடையாது. இரண்டு முனைகளையும் இணைப்பு தெரியாதபடி ஒன்றோடொன்று பின்னி மூடிவிட வேண்டும். இங்கிலாந்தில் அதைத் தெரியாதபடி செய்யக்கூடியவள் உன்னைத் தவிர எனக்குத் தெரிந்து யாருமில்லை.

நாம் பேசி இரண்டு வருடம் ஆகப்போகிறது என்பது எனக்கு மறக்கவில்லை. அதைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை.

ஹெஸ்டர்


பிரிட்போர்ட்
ஜனவரி 20

அக்கா,

அடுப்பில் போடத்தான் போனேன். அடுப்பு அணைந்து கிடந்தது. அதனால் படித்தேன்.

படிக்கும்போது பக்கத்து வீட்டு மிசஸ் பால்சன் தான் பின்னும் மீன் வலையோடு உள்ளே வந்துவிட்டாள். உறையைப் பார்த்தாள். "என்னடி, கேம்பிரிட்ஜ் ராணிக்கு இப்பத்தான் வீட்டு நெனப்பு வந்துச்சாக்கும்?" என்றாள். "வீட்டு நெனப்பு இல்ல, கயிறு நெனப்பு" என்றேன். விஷயத்தைச் சொன்னதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "முனை இல்லாத முடிச்சா? அத யாரு கட்டுறது, யாரு அவுக்குறது? படகுக்கு ஆகுமா, பன்னி கட்ட ஆகுமா?" பதிலுக்கு உன்னைக் கை காட்டிவிட்டேன். உன்னிடம் இருக்கிறதா?

நீ எழுதப்போவதில்லை என்றதை நான் எழுதிவிடுகிறேன். அப்பா செவ்வாய்க்கிழமை போனார். வெள்ளிக்கிழமை அடக்கம். நீ சனிக்கிழமை வந்தாய், தலையில் புதுத் தொப்பியோடு. உன்னை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். நீ லண்டனில் கட்டுரை வாசிக்க நின்றதைக்கூட என்றைக்காவது மன்னித்துவிடுவேன் போலிருக்கிறது. அந்தத் தொப்பியைத்தான் முடியவில்லை.

செய்து தருகிறேன். எதற்கு என்று கேட்காதே, எனக்கே தெரியாது. ஒரு நிபந்தனை. இருபது இருபதாகக் கட்டி அனுப்புவேன். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு கடிதம் வர வேண்டும், ஒரு பக்கத்துக்குக் குறையாமல். கடிதம் வரவில்லையென்றால் கயிறும் வராது. முதல் கடிதத்தில், இதெல்லாம் எதற்கு என்று மிசஸ் பால்சனுக்குப் புரிகிற மாதிரி எழுது.

கெசியா


கேம்பிரிட்ஜ்
பிப்ரவரி 2

கெசியாவுக்கு,

மிசஸ் பால்சனிடம் இப்படிச் சொல். எதற்கும் ஆகாது. நட்சத்திரத்தை எண்ணுவதும் எதற்கும் ஆகாதுதான், ஆனாலும் எண்ணுகிறார்கள்.

உனக்கு இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். இரண்டு முடிச்சுகள் பார்க்க வேறு வேறாக இருக்கும், ஆனால் கயிற்றை வெட்டாமல் இழுத்துத் திருப்பினால் ஒன்று மற்றொன்றாகிவிடும். அப்படியானால் அவை இரண்டல்ல, ஒன்றுதான். பட்டியல் போடுகிறவளுக்கு இருக்கும் ஒரே பயம் ஒன்றை இரண்டாக எண்ணிவிடுவதுதான். வாழ்நாள் முழுக்க இழுத்துப் பார்த்தும் மாறவில்லை என்பதற்காக வேறு வேறு என்று சொல்லிவிட முடியாது. நாளைக்கு யாராவது மாற்றிக் காட்டலாம்.

அதற்குத்தான் ஒரு விதி கண்டுபிடித்தேன். கயிறு தன்னைத் தாண்டும் இடங்களில், எந்தப் பக்கமாகத் தாண்டுகிறது என்று பார்த்து ஒன்றைக் கூட்டியோ கழித்தோ வருவேன். கடைசியில் வருவதை முறுக்கு எண் என்கிறேன். ஒரு முடிச்சை முடிந்தவரை குறைந்த தாண்டல்களோடு வரைந்துவிட்டால், அதன்பின் எப்படித் திருப்பினாலும் இந்த எண் மாறாது. எண் வேறென்றால் முடிச்சும் வேறு. எளிமையான விதி. இதை நிரூபிக்க இரண்டு வருடம் ஆனது.

மே 21ஆம் தேதி இங்கே வாக்கெடுப்பு. பெண்களுக்குப் பட்டம் கொடுக்கலாமா என்று முடிவு செய்யப்போகிறார்கள். நான் பரீட்சை எழுதியபோது ஆண்களின் பெயரை எல்லாம் மண்டபத்தில் உரக்க வாசித்தார்கள். என் பெயரை வாசிக்கவில்லை. ஆறாவது வந்தவனுக்கும் ஏழாவது வந்தவனுக்கும் நடுவே என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். பதினோரு வருடமாக ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்தான் நிற்கிறேன், கால் வலிக்கிறது.

எங்கள் பெண்கள் கல்லூரித் தலைவி மிஸ் ஆட்டவே என் பட்டியலைப் போகிற இடமெல்லாம் காட்டுகிறார். "பொண்ணுங்க மனப்பாடம்தான் பண்ணுவாங்கன்னு சொன்னீங்களே, இந்தாங்க, இது யாரோட விதி?" என்று கேட்கிறார். அதனால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

தொப்பி என்னுடையதல்ல. துக்கத்துக்குப் போட என்னிடம் கறுப்பில் எதுவும் இல்லை. மிஸ் ஆட்டவே கடைசி நிமிடத்தில் தன் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தார்.

ஹெஸ்டர்


பிரிட்போர்ட்
மார்ச் 1

அக்கா,

இது நாலாவது கட்டு. எண்பது முடிந்தது. பின்னிய வலைகளைத் தொழிற்சாலைக்கு ஏற்றிப்போக வரும் வண்டிக்காரன் ஜோப் லெக் சுவரைப் பார்த்துவிட்டு, "என்ன கெசியா, குட்டிச்சாத்தான் புடிக்க வலை பின்னுறியா?" என்று கேட்டான். "அக்கா பேராசிரியருங்களப் புடிக்கப்போறா" என்றேன். "அவனுங்க வழுக்கிட்டுப் போயிருவானுங்களே" என்றான். இப்போதெல்லாம் வண்டியை நிறுத்திவிட்டு, இன்றைக்கு எந்த எண் என்று கேட்டுவிட்டுத்தான் போகிறான். இருபத்திமூன்று அவனுக்குப் பிடித்தது. குதிரைக்குப் பக்கத்தில் தொங்கவிட ஒன்று கேட்டான். கொடுத்துவிட்டேன், உனக்கு வேறு செய்திருக்கிறேன்.

உன் படங்களைப் பார்த்துச் செய்வது முதலில் எரிச்சலாக இருந்தது. கயிறு இப்படியெல்லாம் தட்டையாகக் கிடக்காது, அக்கா. கயிறு புரளும். அதற்கென்று ஒரு எண்ணம் உண்டு. இப்போது படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். அப்புறம் சரியாக வருகிறது.

தொப்பி விஷயம் படித்தேன். அதை நீ அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நான் கேட்டிருக்கவும் மாட்டேன்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இவ்வளவு நாள் யாரிடமும் சொல்லவில்லை. நான் தந்தி அடித்தது திங்கட்கிழமை. வெள்ளி கட்டுரை, சனி வருகிறேன் என்று நீ பதில் தந்தி அடித்தாய். செவ்வாய் காலை அப்பாவுக்கு நினைவு நன்றாகத் தெளிந்தது. "பெரியவ எந்த ரயில்ல வர்றா?" என்று கேட்டார். "மத்தியான ரயில்லப்பா" என்று பொய் சொன்னேன். ரயில் வந்து நிற்கும் சத்தம் மாடி அறைக்குக் கேட்கும், உனக்கே தெரியும். அன்றைக்கும் கேட்டது. அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

நீ வராதது உன் பாவம். அந்தப் பொய் என்னுடையது. இரண்டையும் சேர்த்து உன்மேல் போட்டு வைத்திருந்தேன்.

கெசியா


கேம்பிரிட்ஜ்
மார்ச் 9

கெசியாவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத ஆறு முறை உட்கார்ந்தேன். ஆறு தாள் கிழிந்ததுதான் மிச்சம். அந்த ரயிலைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை. மன்னித்துவிடு. மற்றதை எழுதுகிறேன்.

அச்சுப் படிகள் வந்துவிட்டன. மே முதல் தேதிக்குள் திருத்தி அனுப்ப வேண்டும். முதல் பக்கத்தில் 'சாம்வேஸின் விதி' என்று போட்டிருக்கிறார்கள். நம் பெயர்! அப்பா தொழிற்சாலையில் கயிற்றுச் சுருளில் சாக்கட்டியால் எழுதிவந்த அதே பெயர். அதைப் பார்த்துவிட்டு அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்தேன். கீழே இருக்கும் மாணவி மேலே வந்து, "மிஸ் சாம்வேஸ், ஏதாவது தொலைஞ்சுபோச்சா?" என்று கேட்டாள்.

இங்கே தெருவில் நடக்கவே முடியவில்லை. பட்டம் கேட்கிறோம் என்று பையன்கள் பின்னாலிருந்து கூவுகிறார்கள். பேராசிரியர் பென்ஹாலோ எங்களுக்கு எதிராக வாரம் ஒரு துண்டுப் பிரசுரம் போடுகிறார். என் பட்டியலைச் சங்கத்துக்காகச் சரிபார்க்கும் மூவரில் அவரும் ஒருவர். போன வாரம் விருந்தில் அவர் சொன்னதாகக் காதுக்கு வந்தது: "அந்தம்மா கணக்குல ஒரே ஒரு தப்பு கிடைக்கட்டும். வாக்கெடுப்பு வரைக்கும் அத மேடை மேடையா ஏத்திக் காட்டுறேன்." அவருக்குக் கிடைக்காது. ஒவ்வொரு வரியையும் நாற்பது முறை பார்த்திருக்கிறேன்.

உன் எண்பதும் என் சன்னலோரம் தொங்குகின்றன. இணைப்பை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத் தேடினேன், தெரியவில்லை.

ஹெஸ்டர்


பிரிட்போர்ட்
மார்ச் 28

அக்கா,

இதை எப்படி எழுதுவது என்று நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். நேராகவே எழுதிவிடுகிறேன். ஐம்பத்தெட்டும் தொண்ணூற்றொன்றும் ஒன்றுதான்.

வியாழக்கிழமை தொண்ணூற்றொன்றைப் பின்னி முனைகளை மூடினேன். மூடியதும், இதை என் கை முன்பே செய்திருக்கிறதே என்று தோன்றியது. கண்ணுக்குத் தெரியவில்லை, கைக்குத் தெரிந்தது. ஐம்பத்தெட்டை உனக்கு அனுப்பிவிட்டேன், அதனால் படத்தைப் பார்த்து இன்னொன்று செய்தேன். பிறகு தொண்ணூற்றொன்றை மேசையில் போட்டுப் புரட்ட ஆரம்பித்தேன். நேற்று சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, அது ஐம்பத்தெட்டாக மாறி உட்கார்ந்துவிட்டது. வெட்டவில்லை, அவிழ்க்கவில்லை. திரும்பத் தொண்ணூற்றொன்றாக்கினேன். மறுபடி ஐம்பத்தெட்டு. மிசஸ் பால்சன் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவளுக்கு என்ன, சிரிக்கிறாள். நான் உன் படங்களையே மறுபடி மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். உன் விதிப்படி ஒன்றின் எண் எட்டு, மற்றதன் எண் பத்து என்று படத்துக்கடியில் நீயே எழுதியிருக்கிறாய். எண் வேறென்றால் முடிச்சும் வேறு என்றாயே. நான் எங்காவது தப்பாகப் புரிந்துகொண்டேனா? அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

கெசியா


கேம்பிரிட்ஜ்
மார்ச் 31

கெசியா,

நீ தப்பாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறாய். எண் எட்டாக இருப்பது எத்தனை நூற்றாண்டு புரட்டினாலும் பத்தாக முடியாது. நிரூபித்தாயிற்று. எங்கோ ஒரு வளையம் நழுவியிருக்கும், அல்லது படத்தைக் குப்புறப் போட்டுவிட்டுச் செய்கிறேன் என்றாயே, அங்கேதான் பிசகியிருக்கும். நான் கேட்டது மாதிரிகள். சரிபார்க்கச் சொல்லிக் கேட்கவில்லை. கை பழகியிருப்பது வேறு, யோசிப்பது வேறு.

இது மிசஸ் பால்சனுக்குத் தெரியும் என்றால் பிரிட்போர்ட் முழுக்கத் தெரியும். இங்கே என்ன நடக்கிறது என்று அத்தனை விவரமாக எழுதினேன், அதன் பிறகும் இப்படி ஒரு வதந்தியைக் கிளப்பிவிட உனக்கு மனம் வந்ததா? பழைய கணக்கை இப்படித் தீர்க்கிறாயா?

மீதி எழுபத்துநான்கையும் படத்தில் உள்ளபடியே செய்து அனுப்பு.

ஹெஸ்டர்


பிரிட்போர்ட்
ஏப்ரல் 3

ஹெஸ்டர்,

மீதி எழுபத்துநான்கையும் நீயே செய்துகொள்.

இத்துடன் தொண்ணூற்றொன்று வருகிறது. ஒரு வளையத்துக்கு மட்டும் நீலச் சாயம் போட்டிருக்கிறேன். பேனாவைக் கீழே வை. தாளை மூடு. நீல வளையத்தைப் பிடித்துத் தூக்கி முடிச்சு முழுவதற்கும் மேலே போடு. பார்த்தால் முன்னைவிடச் சிக்கலாகிவிடும், பத்துத் தாண்டல் பதினாலாகும். பயப்படாதே. அங்கிருந்து இழு.

உன்னால் முடியாது என்றால் யாராவது கை பழகியவளைக் கூப்பிடு.

கெசியா சாம்வேஸ்


கேம்பிரிட்ஜ்
ஏப்ரல் 15

கெசியா,

பொட்டலத்தைப் பிரிக்காமல் ஒன்பது நாள் வைத்திருந்தேன். அலமாரிக்குள் வைத்தேன், பிறகு படுக்கைக்கு அடியில், பிறகு குடை வைக்கும் இடத்தில். அறையில் எங்கே போனாலும் அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நேற்று காலை பிரித்தேன். எட்டு நிமிடம்தான் ஆனது.

நான் எப்போதும் குறைத்துக்கொண்டே போனேன். தாண்டல் குறைவதும் அப்படியே இருப்பதும் மட்டும்தான் என் தாளில் உண்டு. நடுவில் கொஞ்ச நேரம் சிக்கலைக் கூட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நிரூபணத்தில் ஏழாம் பக்கத்தில் 'தெளிவாகவே தெரிவதுபோல்' என்று ஒரு வரி இருக்கிறது. நாற்பது முறை படித்தும் அந்த வரியில் நான் நின்றதில்லை. பட்டியலில் ஒன்று குறைந்தால் போகட்டும், நூற்று அறுபத்துநான்கு என்று மாற்றிவிடலாம். ஆனால் விதியே பொய். நம் பெயர் போட்ட விதி.

மிஸ் ஆட்டவேயிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஹெஸ்டர், நான் பொய் சொல்லச் சொல்லல. கொஞ்சம் பொறுன்னுதான் சொல்றேன். இப்படியே அச்சுக்குப் போகட்டும். மே இருபத்தொண்ணு தாண்டட்டும், அப்புறம் ஒரு திருத்தம் போட்டுக்கலாம். அதுக்குள்ள யாரு கண்டுபிடிக்கப்போறா? முந்நூறு பொண்ணுங்க இருக்காங்க, அவங்கள நெனச்சுப் பாரு" என்றார். நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் கெட்டவரல்ல. அவர் சொல்வது எனக்கு எவ்வளவு இனிப்பாக இருக்கிறது என்பதுதான் பயமாக இருக்கிறது.

உன்னைப் பற்றி எழுதியதற்கு எந்த முகத்தோடு மன்னிப்புக் கேட்பது? வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவை அடக்கம் செய்த வெள்ளிக்கிழமை லண்டனில் நான் வாசித்த கட்டுரை எது என்று நீ கேட்டதே இல்லை. இந்த விதிதான். அன்று வாசிக்காவிட்டால் வேறு யாராவது முந்திக்கொள்வார்கள் என்று பயந்தேன். இது என்றைக்கும் நிற்கும், அப்பா இருந்தால் போ என்றுதான் சொல்லியிருப்பார் என்று இரண்டு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த ஒரு விதிக்காகத்தான் கெசியா நான் வரவில்லை.

என்ன செய்வது என்று தெரியவில்லை. எழுது.

ஹெஸ்டர்


பிரிட்போர்ட்
ஈஸ்டர் திங்கள், ஏப்ரல் 19

அக்கா,

கடைசிப் பகுதியைப் படித்துவிட்டு வாசலில் போய் நின்றேன். மிசஸ் பால்சன் ஆப்பிள் கேக் கொண்டுவந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் வாயை மூடிக்கொண்டு போனது இதுதான் முதல் தடவை.

உன் விதி தப்பென்றால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சநாள் அப்படி நினைத்தேன். இப்போது இல்லை. அது சரியாக இருந்திருந்தால் அப்பாவிடம் போய் நிற்க நமக்கு ஏதாவது ஒரு சாக்காவது இருந்திருக்கும்.

நீ சொன்னால் இங்கே நான் செய்து வைத்த இரண்டாவது ஐம்பத்தெட்டை வெட்டி அடுப்பில் போட்டுவிடுகிறேன். மிசஸ் பால்சன் வாயையும் நான் அடைப்பேன், அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சமா. நீ பொறுத்திருந்தால் உன்னை நான் ஒருநாளும் குத்திக் காட்டமாட்டேன். இதை பைபிள்மேல் கை வைத்துச் சொல்கிறேன்.

இங்கே நாங்கள் செய்வதை மட்டும் எழுதுகிறேன், புத்தி சொல்வதற்கு அல்ல. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே நிற்பவளுக்குப் புத்தி சொல்ல நான் யார்? வலையில் ஒரு கண் பிசகிவிட்டது, நாற்பது வரிசை தாண்டித்தான் கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள். பிரித்தால் ஒரு வார வேலை போய்விடும். அதனால் பிரிக்கமாட்டோம். அந்தக் கண்ணில் ஒரு சிவப்பு நூல் கட்டிவிடுவோம். ஜோப் லெக் எடுத்துப் போவான், தொழிற்சாலையில் பார்த்துச் சரிபண்ணிக்கொள்வார்கள். சிவப்பு நூல் கட்டியதற்காக யாரும் யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, எல்லா வீட்டிலும் ஒரு சிவப்பு உருண்டை இருக்கிறது. கட்டாமல் அனுப்பினால்தான் பேச்சு. ஏனென்றால் அந்த வலையை எடுத்துக்கொண்டு ஒருவன் கடலுக்குப் போகிறான்.

உன் வலையை எடுத்துக்கொண்டு யாரும் கடலுக்குப் போவதில்லை. அதனால் உன் இஷ்டம்.

மீதி எழுபத்துநான்கும் செய்துகொண்டிருக்கிறேன். கோபத்தில் சொன்னது.

கெசியா


கேம்பிரிட்ஜ்
மே 26

கெசியா,

பத்திரிகையில் பார்த்திருப்பாய். தோற்றோம். சாதாரணத் தோல்வி இல்லை. மண்டபத்துக்கு எதிரே மாடிச் சன்னலிலிருந்து, சைக்கிள்மேல் உட்கார்ந்த பெண் பொம்மை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். முடிவு தெரிந்ததும் அதை இறக்கித் தலையைப் பிய்த்தார்கள். எங்கள் மாணவிகளை அன்று வெளியே விடவில்லை. நான் மட்டும் போனேன், உள்ளே உட்கார முடியவில்லை.

ஏப்ரல் 24ஆம் தேதியே சங்கத்துக்கு எழுதிவிட்டேன். விதியை எடுத்துவிடுங்கள், பட்டியல் நூற்று அறுபத்துநான்கு, காரணம் இது என்று. எழுதிப் போட்டுவிட்டு மிஸ் ஆட்டவேயிடம் போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. "நீ உன் மனசாட்சியக் காப்பாத்திக்கிட்ட. நல்லது" என்றார். அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் உப்புக் கேட்பதற்கு மட்டும்தான் என்னோடு பேசுகிறார். அடுத்த வருடம் மேல்வகுப்புக்குப் பாடம் எடுக்கும் வேலை எனக்கு இல்லை என்று நேற்று பலகையில் ஒட்டியிருந்தது.

பென்ஹாலோ சொன்னபடியே செய்தார். பத்து நாளில் மூன்று பிரசுரம், மூன்றிலும் நான். அதனால்தான் தோற்றோமா? இல்லை என்கிறார்கள், வித்தியாசம் அவ்வளவு பெரிது, என்னைப் போல் பத்துப் பேர் தப்புச் செய்திருந்தாலும் அதே முடிவுதானாம். சில நேரம் நம்புகிறேன். தெருவில் எங்கள் பெண்களைப் பார்க்கும்போது நம்ப முடியவில்லை.

ஆனால் ஒன்று நடந்தது. திருத்தக் குறிப்பில், 'இந்த மாற்றத்தைக் கண்டுபிடித்தவர் கெ. சாம்வேஸ், பிரிட்போர்ட்' என்று எழுதியிருந்தேன். பென்ஹாலோ வாக்கெடுப்புக்கு முந்தின நாள் என்னை வழியில் நிறுத்தினார். முகத்தில் அத்தனை மகிழ்ச்சி. "உங்க தப்பைக் கண்டுபிடிச்ச அந்த சாம்வேஸ், உங்க தம்பியா? பிரமாதமான மூளை. பதினாலுக்குக் கூட்டிட்டு அப்புறம் எறக்குறதுன்னா, அது ஒரு ஆம்பளைக்குத்தான் தோணும். எந்தக் கல்லூரி?" என்று கேட்டார்.

"தங்கச்சிங்க. மீன் வலை பின்னுறா" என்றேன்.

கெசியா, அதைக் கேட்ட அவர் முகத்தை நினைத்துக்கொண்டே நான் சாகும்வரை வாழலாம்.

ஜூன் காட்சியில் மேசை இன்னும் எனக்குத்தான். மிச்சமிருப்பதை அனுப்பு, தொண்ணூற்றொன்று என்னிடமே இருக்கிறது. கூடவே உன் சிவப்பு உருண்டையிலிருந்து ஒரு முழம்.

ஹெஸ்டர்


பிரிட்போர்ட்
மே 31

அக்கா,

எல்லாம் இந்தப் பெட்டியில் இருக்கிறது. சிவப்பு நூல் ஒரு முழம் கேட்டாய், உருண்டையையே வைத்திருக்கிறேன். இன்னும் நிறைய வருடம் கணக்குப் போடுவாய் அல்லவா.

பென்ஹாலோ கதையை மிசஸ் பால்சன் என்னை ஐந்து தடவை சொல்ல வைத்தாள். ஐந்தாவது தடவை அவளே அவராக நடித்துக் காட்டினாள். ஜோப் லெக், "அப்ப நம்ம கெசியாவுக்குத்தான் ஆம்பள மூளை, நமக்கு என்னவாம்?" என்று கேட்டுவிட்டுக் குதிரையைத் தட்டினான்.

போன சனிக்கிழமை எனக்கு ஒரு கடிதம் வந்தது. எடின்பரோவிலிருந்து ஒரு பேராசிரியர், 'திரு. கெ. சாம்வேஸ் அவர்களுக்கு' என்று எழுதியிருக்கிறார். வேறு எந்த முடிச்சுகள் இப்படி மாறும் என்று நான் சந்தேகப்படுகிறேன், எப்படி யோசித்தேன் என்று கேட்கிறார். நான் யோசிக்கவே இல்லையே, அதை எப்படி எழுதுவது? நூற்றுப் பன்னிரண்டு மேல் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு என்பது மட்டும் உண்மை. நீ பயப்படாதே, இன்னும் ஒன்றும் ஆகவில்லை.

இதற்கெல்லாம் தபாலில் பதில் சொல்ல முடியாது. நேரில் உட்கார்ந்தால்தான் உண்டு. அப்பாவுக்குக் கல் நட்டாயிற்று, உன்னிடம் சொல்லவில்லை. நீ இன்னும் பார்க்கவில்லை. கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே, தகவல் சொல்கிறேன்.

கெசியா


லண்டன்
ஜூன் 10

கெசியா,

காட்சி நேற்று முடிந்தது. நூற்று அறுபத்துநான்கையும் வரிசையாகத் தொங்கவிட்டேன். தொண்ணூற்றொன்றை மட்டும் தனியாக ஐம்பத்தெட்டின் பக்கத்தில் வைத்து, இரண்டையும் உன் சிவப்பு நூலால் சேர்த்துக் கட்டினேன். மற்ற முடிச்சுகளின் முன்னால் ஆட்கள் நடந்து போனார்கள். அங்கே மட்டும் நின்றார்கள். கையில் எடுத்தார்கள். ஒரு வயதான ஆள் கையுறையைக் கழற்றிவிட்டு அரைமணி நேரம் நீல வளையத்தோடு மல்லாடினார். மாறியதும் "அடேயப்பா" என்று என்னைப் பார்த்தார், சின்னப் பையன் மாதிரி.

அந்த எண் ஏன் மாறுகிறது என்று புரிந்துவிட்டால், எது மாறாது என்று தெரிந்துவிடும். லண்டனுக்கு வரும் ரயிலிலேயே ஆரம்பித்துவிட்டேன். உறையின் பின்பக்கம் முழுக்கக் கிறுக்கல். இப்போதும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை, ஆனால் இது வேறு மாதிரி. நூற்றுப் பன்னிரண்டைத் தொடாதே, நான் வரும்வரை வை.

நான் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பவில்லை, நேராக அங்கேதான் வருகிறேன். கல்லறைக்கு முதலில் போக வேண்டும், பிறகு வீடு. என்னிடம் கறுப்புத் தொப்பி இல்லை. இருப்பதைப் போட்டுக்கொண்டு வருகிறேன்.

சனிக்கிழமை, மெய்டன் நியூட்டனில் வண்டி மாறி, மத்தியான ரயில். அப்பாவிடம் சொல்லிவிடு.

ஹெஸ்டர்